பெரியம்மையின் கண்ணும் என் பத்து நாள் விடுப்பும்

கேள்வி: திருவட்டாருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். என்னை வளர்த்து ஆளாக்கிய பெரியம்மைக்கு வயது 74. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, என்னோடுதான் இருக்கிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலில் அவருடைய வலக்கண்ணில் புரை அறுவை சிகிச்சை செய்து, லென்ஸ் வைத்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். இடக்கண்ணிலும் புரை உண்டு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறேன். பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் கேட்க முடியாது. மருந்துச் சீட்டிலோ ஆறு வாரத்துக்குச் சொட்டு மருந்து எழுதியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாற்பது நாள் மல்லாந்தே படுக்க வேண்டும், சாளை மீனும் மரச்சீனிக் கிழங்கும் ஆகாது, மென்று தின்றால் தையல் விட்டுப்போகும், நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டால் சீக்கிரம் ஆறும் என்கிறார்கள். பெரியம்மையோ யார் சொல்லையும் கேட்காமல் மூன்றாம் நாளே முற்றம் பெருக்க வாரியலைக் கையில் எடுத்துவிட்டார். மருந்து விடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். பாதி கன்னத்தில் வழிகிறது. "நீ என்னைச் சின்னப் பிள்ளையைப் போல நடத்துகிறாய்" என்று நேற்று அழுதேவிட்டார். நான் எதைத் தடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? பத்து நாளுக்குப் பிறகு என்ன செய்வது?

பதில்: நான் மருத்துவர் அல்ல, 27 ஆண்டுகள் கண் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆகவே உங்கள் மருத்துவர் எழுதிய சீட்டுக்கும் நான் சொல்வதற்கும் எங்கேனும் வேறுபாடு தெரிந்தால் சீட்டையே பின்பற்றுங்கள்.

முதலில் அக்கம்பக்கத்தார் சொன்ன விதிகளைப் பற்றி. அவை கற்பனையாகத் தோன்றியவை அல்ல. ஒரு காலத்தில் புரை அறுவை என்றால் கருவிழியின் ஓரத்தில் ஏறக்குறைய அரைவட்ட அளவுக்குக் கீறி, புரையை முழுதாக வெளியே எடுத்து, தையல் போட்டு, இரு கண்ணையும் கட்டி, தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்து, நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். மென்று தின்னாதே, இருமாதே, தும்மாதே என்ற கட்டளைகளெல்லாம் அந்தத் தையலைக் காப்பதற்காக எழுந்தவை. இன்று புரையை ஒலியலையால் கரைத்து உறிஞ்சும் முறையில் கீறல் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. கையாலேயே செய்யும் சிறுகீறல் முறையில் ஆறேழு மில்லிமீட்டர். இரண்டிலும் பெரும்பாலும் தையலே கிடையாது, கீறல் தானாகவே மூடிக்கொள்ளும்படி வெட்டப்படுகிறது. அறுவை முறை மாறிய பிறகும் பத்தியம் மட்டும் மாறாமல் நம் வீடுகளில் தங்கிவிட்டது. ஆகவே பெரியம்மை சாளைக் குழம்பும் கிழங்கும் தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரை இருப்பதால் கிழங்கின் அளவைப் பாருங்கள், அது கண்ணுக்காக அல்ல. மலச்சிக்கல் வந்து முக்க நேராதபடி கீரையும் பழமும் தண்ணீரும் போதிய அளவு கொடுங்கள். சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, ஏனெனில் சர்க்கரை ஏறியிருக்கும் உடலில் புண் ஆறுவது தாமதப்படும், கிருமி தொற்றும் வாய்ப்பும் கூடும்.

நந்தியாவட்டையை மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், கொத்தமல்லி ஊறிய நீர் என்று எது வந்தாலும் இதே பதில்தான். இவற்றின் குணத்தைப் பற்றி நான் விவாதிக்கவில்லை. புதிதாகக் கீறப்பட்ட கண்ணுக்குள் கொதிக்க வைக்காத, கிருமி நீக்காத எந்தத் துளியும் போகக் கூடாது என்பதே காரணம். புரை அறுவைக்குப் பின் நேரக்கூடிய மிக மோசமான விளைவு கண்ணின் உட்பகுதியில் கிருமி தொற்றுவதுதான். அது அரிது, ஆனால் வந்தால் ஓரிரு நாளிலேயே பார்வையைப் பறித்துவிடும். சாறு கொண்டுவரும் அத்தையின் மனம் நோகாமலிருக்க, "டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்" என்று பழியை மருத்துவர் மீது போடுங்கள். வார்டில் நாங்களே அப்படிச் செய்யச் சொல்வதுண்டு.

இனி உண்மையிலேயே தடுக்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். கண்ணைக் கசக்குவதுதான் முதல் எதிரி. விழித்திருக்கும்போது பெரியம்மை கசக்கமாட்டார், தூக்கத்தில் கை தானாகப் போகும். ஆகவே மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் மூடியை முதல் ஒரு வாரமாவது, அல்லது சீட்டில் சொன்ன நாள்வரை, இரவில் ஒட்டிவிடுங்கள். இரண்டாவது, தண்ணீர். உங்கள் பகுதியில் குளத்திலும் சானலிலும் இறங்கிக் குளிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது; ஒரு மாதத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம். கழுத்துக்குக் கீழே குளிக்கலாம், முகத்தை நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். தலைக்குக் குளிப்பதற்கு ஓரிரு வாரம் என்று சிலரும் ஒரு மாதம் என்று சிலரும் சொல்வார்கள். முதல் வாரப் பரிசோதனையின்போது கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்த பிறகும், தலையைப் பின்னால் சாய்த்து உட்காரவைத்து நீங்களே தண்ணீர் ஊற்றினால் சோப்பு நுரை கண்ணில் இறங்காது. மூன்றாவது, புகை. சிரட்டையும் ஓலையும் வைத்து எரிக்கும் அடுப்பு இன்னும் இருந்தால், அதை ஊதி எரிய வைக்கும் வேலை சில வாரங்களுக்கு உங்களுடையது.

குனிவதும் சுமப்பதும் இவற்றுக்கு அடுத்தபடி. குடம் தூக்குவது, அம்மியில் அழுத்தி அரைப்பது, தலை இடுப்புக்குக் கீழே தாழும்படி குனிந்து முற்றம் பெருக்குவது ஆகியவற்றை முதல் இரண்டு வாரம் நிறுத்திவையுங்கள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் தவிர வேறெந்தக் காய்கறியையும் நறுக்கலாம், முருங்கைக்கீரை ஆயலாம், அரிசி புடைப்பதைத் தவிர்த்துக் கல் பொறுக்கலாம். புதுக்கண் கிடைத்தவருக்குக் கல் பொறுக்குவதைவிட மகிழ்ச்சியான வேலை வேறில்லை என்பதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கோ கோயிலுக்கோ போக விரும்பினால் கறுப்புக் கண்ணாடியுடன் அழைத்துப் போங்கள்; முழந்தாளிட்டுத் தலை தாழ்த்துவதை மட்டும் இந்த மாதம் உட்கார்ந்தபடியே செய்துகொள்ளட்டும். 74 வயதுவரை யாருக்கும் பாரமாக இல்லாமல் உழைத்த ஒருவரைக் கட்டிலில் கிடத்தி வைத்தால் அவர் வாரியலைத் தேடத்தான் செய்வார். செய்யக் கூடாத ஒன்றைத் தடுக்கும்போதே செய்யக்கூடிய ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

சொட்டு மருந்துதான் உங்கள் கேள்வியின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வழக்கமாக எழுதித் தரும் மூன்று குப்பிகளில் ஒன்று கிருமியைத் தடுப்பது, ஒன்று வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு, மற்றொன்று பெரும்பாலும் ஸ்டீராய்டு அல்லாத வீக்க மருந்து. ஸ்டீராய்டு மருந்தைப் பல மருத்துவமனைகளில் முதல் வாரம் நாளுக்கு ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு என்று படிப்படியாகக் குறைப்பார்கள். கண் தெளிந்துவிட்டதே என்று இடையில் நிறுத்தினால் உள்வீக்கம் திரும்ப வரும். நன்மைதானே என்று சொன்ன நாளுக்கு மேல் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறும். ஆகவே இரண்டுமே தவறு. பால் போல வெண்மையாக இருக்கும் மருந்தை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லையேல் மருந்து அடியில் தங்கி வெறும் நீர்தான் விழும். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி தேவை. இரண்டையும் அடுத்தடுத்து விட்டால் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு துளி போதும். இமைக்குள் இருக்கும் இடம் அந்த ஒரு துளியைக்கூட முழுதாகக் கொள்ளாது. எனவே சிறிது கன்னத்தில் வழிவதைக் கண்டு பதற வேண்டாம். துளி முழுவதும் வெளியே விழுந்தது உறுதியானால் மட்டும் இன்னொன்று விடுங்கள்.

கண்ணை இறுக மூடுகிறவருக்கு ஒரு வழி உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பெரியம்மையைத் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடியபடியே இருக்கட்டும். மூக்கை ஒட்டிய உள்முனையில், கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் முன்பே துடைத்துவைத்த இடத்தில், ஒரு துளியை விடுங்கள். பிறகு மெல்லக் கண்ணைத் திறக்கச் சொன்னால் மருந்து தானாக உள்ளே வடியும். இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருக்கட்டும். குப்பியின் முனை இமையிலோ மயிரிலோ படக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், "பெரியம்மை, மருந்து விடட்டுமா?" என்று கேட்டு, அவர் "சரி மக்கா" என்று சொன்ன பிறகே இமையைத் தொடுங்கள். பார்வை மங்கியவருடைய முகத்தை நோக்கி முன்னறிவிப்பு இல்லாமல் வரும் கை யாரையும் அஞ்ச வைக்கும். அவர் கண்ணை இறுக மூடுவதில் பாதி அந்த அச்சத்தால்தான் என்று நினைக்கிறேன். நேற்றைய அழுகைக்கும் அதில் பங்கிருக்கலாம்.

பத்து நாளுக்குப் பிறகு என்ன செய்வது என்ற கவலைக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. படுத்து விடும் இந்த முறையைக் கைநடுக்கம் அதிகமில்லாத முதியவர்கள் தாமே கற்றுக்கொள்ள முடியும். இந்தப் பத்து நாளில் கடைசி நான்கு நாளை அவருடைய பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அவர் விடட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். குப்பிகள் ஒன்றுபோலவே இருப்பதால், முதல் மருந்தில் ஒரு ரப்பர் வளையம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று மாட்டிவிட்டால் எழுத்தைப் படிக்காமல் விரலாலேயே அடையாளம் கண்டுகொள்வார். நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது மருந்து நாளுக்கு ஐந்து வேளையாகக் குறைந்திருக்கக்கூடும். காலையில் நீங்கள் புறப்படும் முன் ஒன்று, வீடு திரும்பியதும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என மூன்று வேளை உங்கள் கையில் இருக்கும். மீதி இரண்டு வேளைதான் அவருடைய பொறுப்பு. பகலில் ஒரு முறை எட்டிப் பார்க்கப் பக்கத்து வீட்டில் ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டால் போதும்.

விடுப்பில் இருக்கும்போதும் பிறகும் நீங்கள் தவறாமல் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. தினமும் காலையில், அதே இடத்தில் நாற்காலி போட்டு, இடக்கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மறைத்துக்கொண்டு, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய தேதி தெரிகிறதா, கிழமை தெரிகிறதா, அதற்குக் கீழே உள்ள சிறிய எழுத்து தெரிகிறதா என்று கேளுங்கள். முதல் சில நாள் மங்கலாக இருப்பதும், மணல் விழுந்ததுபோல் உறுத்துவதும், நீர் வடிவதும் இயல்பு. நாளுக்கு நாள் தெளிய வேண்டும். நேற்றுத் தெரிந்த கிழமை இன்று தெரியவில்லை என்றால், அல்லது உறுத்தல் போய்க் குத்தும் வலியாக மாறினால், சிவப்பு குறையாமல் கூடினால், இமை வீங்கிப் பீளை கட்டினால், தலைவலியோடு வாந்தி வந்தால், கண் ஓரத்தில் மின்னல் அடிப்பதுபோலவோ திரை இறங்குவதுபோலவோ தெரிந்தால், வலி மாத்திரை கொடுத்துக் காலைவரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, ஞாயிறானாலும் இரவானாலும், அறுவை செய்த மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அது எட்டாத நிலையில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முன்பின் தெரியாத கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

கடைசியாக நடைபயணம். கட்டுப் போட்டிருந்த முதல் நாள் நீங்கள் அவருடைய வலப்புறம் நடந்திருப்பீர்கள். இப்போது பக்கத்தை மாற்றுங்கள்: வலக்கண் தெளிந்துவிட்டது, புரை இருக்கும் இடக்கண்தான் இனி இருட்டுப் பக்கம். இரு கண்ணுக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது படியின் ஆழம் சரியாகத் தெரியாது. மழையில் பாசி பிடித்த முற்றமும் கிணற்றடியும் உங்கள் ஊரில் எப்படி வழுக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பேருந்தில் நாகர்கோவில் போய்வரும்போது குலுக்கலால் லென்ஸ் நகர்ந்துவிடாது, அஞ்ச வேண்டாம். கூட்டத்தில் யாருடைய முழங்கையாவது கண்ணில் இடிப்பதுதான் ஆபத்து. அவரை வலப்புறமுள்ள சன்னலோரத்தில் உட்காரவைத்து, நீங்கள் இடப்புறம் உட்கார்ந்து, சன்னலைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். இரண்டொரு நாளில் அவர், "சுவருக்கு நீலம் கலந்து வெள்ளையடித்தாயா?" என்று கேட்டால் வியக்காதீர்கள். கண்ணில் இயற்கையாக இருந்த, மஞ்சளேறிய பழைய லென்ஸ் வழியே ஆண்டுக்கணக்கில் பார்த்தவருக்கு வெண்மை கொஞ்ச நாள் நீலமாகத்தான் தெரியும்.

கேள்வி: நான் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறேன். மார்த்தாண்டத்தில் 80 வயதான அப்பாவுக்கு அடுத்த மாதம் புரை அறுவை. கூட இருக்கப்போவது அம்மா மட்டும்தான். அவருக்கும் 72 வயது. விடுப்பு எடுத்து வர முடியாத நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

பதில்: அறுவைக்கு முன்னரே செய்ய வேண்டியவை உங்களுக்கு மிகுதி. அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். சிறுநீர் தடைப்படுவதற்காக முதியவர்கள் சாப்பிடும் டாம்சுலோசின் போன்ற மாத்திரை அறுவையின்போது கண்மணியைச் சூழ்ந்த திரையைத் தளர்ந்துபோகச் செய்யும் என்பதால், அதை மருத்துவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அறுவைக்குப் பின், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நம் ஊர்த் தகப்பன்மார் எல்லோரும் "சுகம்தான்" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, மருந்து நேரத்தில் அழைத்துக் காணொளியில் உங்கள் கண்முன்னாலேயே மருந்து விடச் சொல்லுங்கள். முன்னே சொன்ன நாட்காட்டிச் சோதனையைக் காலையில் நீங்களே நடத்துங்கள். நடு இரவிலும் அழைத்தால் வரக்கூடிய ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம் முன்பே பேசிவைத்து, அவருடைய எண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். பணம் அனுப்புவதைவிட இது பெரிய உதவி.

கேள்வி: கண்ணுக்குள் வைத்த லென்ஸ் எத்தனை ஆண்டு தாங்கும்? என் மாமனார் கடலுக்குப் போகிறவர். எப்போது மறுபடி போகலாம்? (குளச்சல் வாசகி)

பதில்: லென்ஸ் ஆயுள் முழுவதும் தாங்கும். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் முகப்புக் கண்ணாடியாகப் பயன்பட்ட அக்ரிலிக் உடைந்து விமானிகளின் கண்ணில் தங்கியபோது, கண் அதைப் பகையாகக் கருதவில்லை என்பதைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், 1949-இல் லண்டனில் அதே வகைப் பொருளால் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். மதுரையில் 1992-இல் ஆரோலேப் நிறுவனம் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பின்னரே அது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டும் விலைக்கு வந்தது. சில மாதமோ சில ஆண்டோ கழித்துப் பார்வை மீண்டும் மங்கினால், புரை திரும்ப வளர்ந்துவிட்டது என்பார்கள். அது புரை அல்ல, லென்ஸைத் தாங்கும் பையின் பின்சவ்வு மங்குவது. கத்தியில்லாமல் லேசர் மூலம் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். கடலைப் பொறுத்தவரை, உப்புநீர் முகத்தில் அடிப்பதும் வலை இழுப்பதும் சேர்ந்த வேலை அது என்பதால் ஒரு மாதத்துக்கு முன் நினைக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பிறகே போகட்டும். அதுவரை கரையில் அமர்ந்து வலை பின்னலாம்.

கேள்வி: அறுவைக்குப் பின் தொலைக்காட்சி பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். கண் களைத்தால் அறுவை செய்துகொண்டவரே எழுந்து போய்விடுவார்.

கேள்வி: அம்மாவுக்கு அறுவை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. பழைய கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றுகிறது என்கிறார். உடனே புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: பொறுங்கள். கீறல் ஆறும்வரை கண்ணின் பார்வை அளவு சிறிது சிறிதாக மாறிக்கொண்டிருக்கும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் அது நிலைபெற்ற பிறகு சோதித்து எழுதும் அளவுதான் நிலைக்கும். இப்போது வாங்கினால் அடுத்த மாதம் இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும். பழைய கண்ணாடியின் அளவு, உள்ளிருந்த பழைய லென்ஸுக்காகப் போட்டது. அறுவை செய்த கண்ணுக்கு அது இனிப் பொருந்தாது என்பதால்தான் தலை சுற்றுகிறது. கண்ணாடிக் கடையில் கேட்டால் அந்தப் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கழற்றித் தருவார்கள். அதைப் போட்டும் தலை சுற்றினால், வீட்டுக்குள் கண்ணாடியில்லாமலே நடக்கட்டும். படியிறங்கும்போது மட்டும் யாராவது கை கொடுங்கள்.